பாவு ஏறும் முன்பே கேட்க வேண்டியது

துணி வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்கு செமஸ்டர் முடிவில் ஜூரி என்று ஒரு நாள் வரும். சுவரில் மூட் போர்டு, அதன் கீழே ஸ்கெட்ச்சுகள், மேசையில் அடுக்கி வைத்த ஸ்வாட்ச்சுகள், ஓரத்தில் தைத்து முடித்த குஷன் உறையோ நெய்து இறக்கிய சேலையோ இருக்கும். ஆசிரியர்கள் இரண்டு பேர், வெளியிலிருந்து வந்த வடிவமைப்பாளர் ஒருவர், சுற்றிலும் வகுப்புத் தோழர்கள். மாணவி பத்து நிமிடம் பேசுவார். பிறகு கருத்துகள் வரும். பார்டர் கொஞ்சம் கனமாக இருக்கிறதே, இந்தப் பச்சை எதற்கு, மோட்டிஃப் இன்னும் சின்னதாக இருந்திருக்கலாமே. எல்லாமே நியாயமான பேச்சுதான். ஆனால் சேலை தறியை விட்டு இறங்கிவிட்டது. பார்டரை இனி மெலிதாக்க வழியில்லை. மாணவி தலையாட்டிக் கேட்டுக்கொள்வார், மார்க்குக்காகக் காத்திருப்பார், அடுத்த செமஸ்டரில் வேறொரு திட்டத்துக்குப் போய்விடுவார்.

கூடப் படிப்பவர்கள் சொல்லும் கருத்து ஒரு மாணவரின் துணித் திட்டத்தை உண்மையில் வளர்க்கிறதா? கல்வி ஆய்வுகள் பொதுவாக ஆம் என்கின்றன. கூடவே நிறைய நிபந்தனைகளையும் சொல்கின்றன. அந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை யார் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதைப் பற்றியவை. துணியைப் பொறுத்தவரை இவை இரண்டையும்விட எப்போது சொல்கிறார் என்பதே பெரிது என்பது என் எண்ணம். களிமண்ணைப் பிசைந்து திரும்ப உருட்டலாம். கம்ப்யூட்டர் திரையில் வரைந்ததை அழிக்கலாம். துணியிலோ முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகிக்கொண்டே போகின்றன. பாவு ஓடிவிட்டால் சில முடிவுகளை மாற்ற முடியாது. ஸ்கிரீன் எடுத்துவிட்டால் இன்னும் சில. கத்தரி பட்டபின் எதையுமே மாற்ற முடியாது. கருத்துக் கேட்கும் நாள் அந்த இறுகலுக்கு முன்னால் அமைந்தால்தான் அதனால் பயன் உண்டு.

ஜூரி என்ற ஏற்பாட்டின் வேர் பாரிஸின் எகோல் தெ பொஸார் கலைப்பள்ளியில் இருக்கிறது. கட்டடக்கலை மாணவர்களின் வரைபடங்களை நடுவர்கள் மூடிய அறையில் மதிப்பிட்டார்கள். மாணவர் அங்கே இருக்கவும் மாட்டார். அதே அமைப்பில் அத்தெலியே எனப்படும் பட்டறையில் நடந்தது வேறு. மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், இளையவர்கள் மூத்தவர்களின் படங்களுக்குக் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இரவெல்லாம் பேச்சும் கேலியும் திருத்தமும் ஓடின. பின்னாளில் உலகம் முழுக்க வடிவமைப்புக் கல்லூரிகள் அந்த ஜூரியைத்தான் கவனமாக நகலெடுத்தன. பட்டறைப் பேச்சு தற்செயலுக்கு விடப்பட்டது. 1991இல் கேத்ரின் அந்தனி எழுதிய ‘டிசைன் ஜூரீஸ் ஆன் ட்ரயல்’ நூல் இந்த ஜூரி முறையையே கூண்டில் ஏற்றி விசாரித்தது.

துணிக்கு நெருக்கமான சான்று ஜெர்மனியின் பௌஹவுஸ். 1919இல் வைமரில் தொடங்கிய அந்தப் பள்ளி சமத்துவம் பேசியது. ஆனாலும் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே அனுப்பியது. 1922இல் சேர்ந்த ஆனி ஆல்பர்ஸ் கண்ணாடிப் பட்டறைக்குப் போக விரும்பியவர். அது கிடைக்காததால்தான் தறிக்கு வந்தார். பட்டறையின் வடிவ ஆசான் கேயோர்க் மூகே ஓர் ஓவியர். தறி நுட்பத்தில் அவருக்கு நாட்டமில்லை. ஆகவே மாணவிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டியிருந்தது. குன்டா ஷ்டோல்ஸலும் பெனிடா ஓட்டேயும் 1922இல் கிரெஃபெல்ட் நகருக்குப் போய்ச் சாயமிடுதலைப் படித்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து சாயப்பட்டறையை இயக்கினார்கள், மற்றவர்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். 1927இல் ஷ்டோல்ஸலே பட்டறையின் தலைவரானார். பௌஹவுஸ் பட்டறைகளில் வெளித் தொழிற்சாலைகளோடு நன்றாக ஒட்டி நடந்தவற்றில் ஒன்று இது. ஆசான் விட்டுவைத்த காலியிடத்தைச் சகமாணவிகள் நிரப்பியதும் அதற்கு ஒரு காரணம். இதை வைத்து ஆசிரியரே தேவையில்லை என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தப் பெண்கள் பல ஆண்டுகள் அடுத்தடுத்த தறிகளில் உட்கார்ந்து, ஒருவர் பாவை இன்னொருவர் பார்த்துக்கொண்டே நெய்தவர்கள். ஒரு செமஸ்டரில் அந்த நெருக்கம் வராது.

இந்தியாவுக்கு இந்தப் பரம்பரை சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958இல் எழுதிய இந்தியா அறிக்கை வழியாகவும், அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் அமைந்த தேசிய வடிவமைப்பு நிறுவனம் வழியாகவும் வந்தது. அங்கே துணி வடிவமைப்புப் பாடத்தை உருவாக்கியதில் ஃபின்லாந்துக்காரரான ஹெலெனா பெர்ஹென்டுபாவின் பங்கு பெரியது. 1986இல் டெல்லியில் தொடங்கி, 1995இல் சென்னைக்கும் வந்த தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) அதே ஜூரி முறையை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் துணி படிப்பவர்கள் எல்லோரும் இந்த வழியில் வருபவர்கள் அல்லர். சேலத்தில் 1960இல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், கோயம்புத்தூரின் பொறியியல் கல்லூரிகள் என்று வேறொரு வழி இருக்கிறது. அங்கே கவுண்ட், அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை இழை, ரெக்கார்டு நோட்டு, வைவா என்று பேச்சு ஓடும். துணியை அளப்பதில் இவர்கள் கெட்டி. பக்கத்துப் பெஞ்சுக்காரர் அந்தத் துணியைப் பார்த்து என்ன நினைக்கிறார் என்று கேட்பதற்குப் பாடத்திட்டத்தில் இடம் குறைவு. முதல் வழியில் பேச்சு அதிகம், அளவு குறைவு. இரண்டு கூட்டத்தையும் ஓர் அறையில் உட்கார வைத்தால் நன்றாக இருக்கும் என்று பல முறை தோன்றியிருக்கிறது.

கட்ச் பகுதியில் இதற்கு மூன்றாவது ஒரு வடிவம் உண்டு. ஜூடி ஃப்ரேட்டர் முன்னெடுத்து 2005இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா, கைவினைஞர்களுக்கே வடிவமைப்புக் கற்பிக்கும் பள்ளி. பிறகு 2014இல் சோமையா கலா வித்யா வந்தது. பாடங்கள் இரண்டிரண்டு வாரமாக ஆண்டு முழுக்கப் பரவியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் மாணவர் ஊருக்குப் போய்த் தன் சொந்தத் தறியில், தன் சொந்த அச்சுக்கட்டையில் வேலை செய்துவிட்டு வருவார். இங்கே சகமாணவர் என்றால் பரம்பரையாக நெய்பவர், அஜ்ரக் அச்சடிப்பவர், பந்தனி முடிபவர். இது தறியில் ஏறாது என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சுக்கு எடை உண்டு. இரண்டு வாரத்துக்கும் அடுத்த இரண்டு வாரத்துக்கும் நடுவில் திருத்த நேரமும் உண்டு. கேட்டதைச் செய்து பார்க்கும் இந்த இடைவெளிதான் நம் கல்லூரிகளின் கால அட்டவணையில் இல்லாதது.

ஆய்வுகளின் பக்கம் வருவோம். கருத்துச் சொன்னாலே வேலை முன்னேறும் என்று நம்புகிறவர்கள் அவ்ரஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டெனிசியும் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் பார்க்க வேண்டும். 607 அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரியாக முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் கருத்துக் கேட்டபின் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது கெடுதல் நேர்கிறது என்பது அவர்கள் விளக்கம். ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007இல் எழுதிய கட்டுரையும் இதை ஒட்டியே பேசுகிறது: ஆளைப் பற்றிய புகழ்ச்சி கற்றலுக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது. ‘உனக்குக் கலர் சென்ஸே இல்ல’ என்பதும் ‘நீ செம கிரியேட்டிவ்’ என்பதும் ஸ்டுடியோவில் ஒரே அளவுக்கு வீண். இரண்டிலும் துணி இல்லை.

ஒரே நிபுணரின் கருத்தைப் பெற்ற மாணவர்களைவிடப் பல தோழர்களின் கருத்தைப் பெற்றவர்கள் தங்கள் கட்டுரையை நன்றாகத் திருத்தினார்கள் என்று சோவும் மெக்கார்த்தரும் 2010இல் காட்டினார்கள். லண்ட்ஸ்ட்ராமும் பேக்கரும் 2009இல் கண்டது இன்னும் சுவையானது. கருத்து வாங்கியவர்களைவிடக் கொடுத்தவர்களின் எழுத்துதான் கூடுதலாக முன்னேறியது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்க்ளைட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் வடிவமைப்பு மாணவர்களை வைத்து டேவிட் நிக்கலும் சகாக்களும் 2014இல் எழுதியதும் இதே பக்கம் சாய்கிறது: அடுத்தவர் வேலையை எடைபோடும்போது மாணவர் தன் வேலையைத் திரும்பிப் பார்க்கிறார், ஒப்பிடுகிறார். துணி வகுப்புக்கு இது உடனே பொருந்தும். அடுத்த மேசையில் ரிப்பீட், அதாவது மோட்டிஃப் திரும்பத் திரும்ப வரும் அடுக்கு, உடைவதைக் கண்டுபிடித்தவருக்குத் தன் ரிப்பீட்டில் அது தென்படாமல் போகாது.

இன்னொரு கொத்து ஆய்வுகள் கணினி வடிவமைப்பிலிருந்து வந்தவை. மர்யம் தொஹிதியும் சகாக்களும் 2006இல் சோதித்தபோது, ஒரே ஒரு வடிவத்தைக் காட்டினால் பார்ப்பவர்கள் தாராளமாக மதிப்பெண் கொடுத்தார்கள், குறை சொல்லத் தயங்கினார்கள். பல வடிவங்களைச் சேர்த்துக் காட்டியபோது விமர்சனம் கூர்மையானது. ஸ்டீவன் டௌவும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட சோதனையில், பல மாதிரிகளைப் பகிர்ந்துகொண்டவர்களின் இறுதி வேலையும் மேம்பட்டது, அவர்களுக்குள் இணக்கமும் கூடியது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. ஒன்றைத்தான் காட்டினால் அது அவருடைய பிள்ளை. மூன்றைக் காட்டினால் பேச்சு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் போய்விடும், யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

இத்தனை சான்றிலும் ஒரு ஓட்டை இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பகுதி எழுத்து வகுப்புகளில் கிடைத்தது, மிச்சத்தில் பாதி கணினித் திரையில். கட்டுரையில் மூன்றாவது பத்தியை மாற்ற ஒரு மாலை போதும். நெய்த மாதிரியில் மூன்றாவது பட்டையை மாற்ற, அது பாவில் இருந்தால், புதிதாகப் பாவு ஓட்ட வேண்டும். எழுத்து ஆய்வுகள் கருத்துக்கும் திருத்தத்துக்கும் நடுவில் செலவு ஏறக்குறைய இல்லை என்று எடுத்துக்கொண்டே பேசுகின்றன. துணியில் அந்தச் செலவுதான் கதையே.

ஆகவே துணி எங்கெங்கே இறுகுகிறது என்று பார்க்கலாம்.

அச்சுத் துணியில் முதல் இடம் ரிப்பீட். மாணவர் ஒரு மோட்டிஃபை வாரக்கணக்கில் வரைகிறார், திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். கண் அதற்குப் பழகிவிடும். அதைக் கட்டமாக அடுக்கினால், அவர் வரையாத ஒன்று துணியில் தோன்றும். பூவுக்கும் பூவுக்கும் நடுவே விட்ட வெற்றிடங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நெடுகக் கோடு விழும். இலைகளெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் துணி முழுக்கக் குறுக்குப்பட்டை ஓடும். வரைந்தவர் கண்ணுக்கு அது தெரியாது. பத்தடி தள்ளி நிற்கும் தோழி கண்ணில் முதலில் படுவதே அதுதான். எட்டுப் பத்து ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, ஒட்டி, சுவரில் மாட்டிவிட்டுக் கூப்பிட்டால் போதும். செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். பாதி இறக்கி அடுக்குவதா, நேராக அடுக்குவதா என்பது அங்கேயே தீர்ந்துவிடும். ரோட்டரி ஸ்கிரீனின் சுற்றளவு வழக்கமாக 64 சென்டிமீட்டர். ரிப்பீட் அதற்குள் முழுதாக வகுபட வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். அங்கே போனபின் வரும் ‘கொஞ்சம் கோடு விழுதே’ என்ற பேச்சு வெறும் வயிற்றெரிச்சல். டிஜிட்டல் அச்சு வந்தபின் இந்த இறுக்கம் தளர்ந்திருக்கிறது. அதனாலேயே மாணவர்கள் ரிப்பீட்டைச் சுவரில் மாட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள் என்பது ஒரு வருத்தம்.

ஒரு மாணவி நுங்கை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய பனங்காயின் குறுக்குத் தோற்றம்: கறுத்த ஓடு, வெளிர் சதை, நடுவே மூன்று கண். தனியாகப் பார்க்க அழகான மோட்டிஃப். திரைச்சீலைக்கென்று அடுக்கி மாட்டுகிறார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “ஏய், இது நுங்கு மாதிரி இல்லடி, வரிசையா யாரோ முறைக்கிற மாதிரி இருக்கு” என்கிறாள். வகுப்பு சிரிக்கும். நளினமில்லாத பேச்சு, எந்தப் பயிற்சிக் கையேடும் இப்படிச் சொல்லச் சொல்லாது. ஆனால் மோட்டிஃப் எல்லாம் ஒரே திசையில், இரண்டு கண் மேலே ஒன்று கீழே என்று நிற்பதால் முகமாகத் தெரிகிறது என்ற தகவல் அதற்குள் இருக்கிறது. ராத்திரியில் படுக்கையறை ஜன்னலில் தொங்கப்போகிற துணிக்கு இது அற்பமான தகவலில்லை. தோழி சொன்னது அவ்வளவுதான். அதற்கு என்ன செய்வது என்பது வரைந்தவர் வேலை. சிலவற்றைத் திருப்பி வைக்கலாம், இரண்டு கண் நுங்கையும் ஒற்றைக் கண் நுங்கையும் கலக்கலாம், ஓட்டின் விளிம்பை உடைக்கலாம். அல்லது முறைப்பதே வேண்டும் என்று தீர்மானித்து அதைக் குழந்தைகள் அறைக்கான குறும்பாக மாற்றிவிடலாம்.

நிறத்தில் இந்த விஷயம் இன்னும் பழையது. பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் மிஷேல் ஷெவ்ரல் 1824இல் சாயப்பிரிவின் பொறுப்பை ஏற்றபோது, கறுப்பு நூலில் ஆழம் இல்லை என்று புகார் வந்தது. வேதியியலாளரான அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறையில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறச் செய்தன. அந்தப் புகாரிலிருந்து பிறந்ததுதான் 1839இல் அவர் வெளியிட்ட உடனிகழ் வண்ண மாறுபாட்டு நூல். புகார் சொன்னவர்கள் கண்டது சரி, காரணம் என்று நினைத்தது தவறு. சகமாணவர் கருத்துகளில் பாதி இந்த வகைதான். இந்த மஞ்சள் அழுக்காக இருக்கிறது என்றால் மஞ்சளை மாற்று என்று பொருளில்லை. பக்கத்தில் இருப்பது என்ன, மேலே எரிவது டியூப்லைட்டா, வராந்தாவில் கொண்டுபோய்ப் பார்த்தால் எப்படி என்று தேட வேண்டும். நெசவில் இது இரட்டிப்பாகும். சிவப்புப் பாவில் பச்சை ஊடை போட்டால் கிட்டே மினுங்கும். எட்டப் போனால் இரண்டும் கலந்து மங்கிய பழுப்பாகிவிடும். தறியில் உட்கார்ந்து நெய்பவர் துணியை ஒரு முழத் தூரத்தில்தான் பார்க்கிறார். எட்ட நின்று பார்க்க அவருக்கு இன்னொருவரின் கண் தேவை.

நெசவில் பெரிய பூட்டு பாவு. எந்த நிறம் எத்தனை இழை, எவ்வளவு நெருக்கம், விழுதில் என்ன வரிசையில் கோப்பது என்பதெல்லாம் பாவு ஏறும்போதே முடிந்துவிடும். அதன்பின் மாணவர் கையில் மிஞ்சுவது ஊடை நிறம், ஊடை நூலின் பருமன், மிதிக்கும் வரிசை, அடிக்கும் அழுத்தம். ஆகவே பாவைப் பற்றிய கேள்விகளையெல்லாம் பாவு ஓடுமுன் கேட்டாக வேண்டும். அதற்குப் பழைய எளிய வழி இருக்கிறது. நீளமான அட்டைத்துண்டில், நெய்யப்போகிற அதே நூலை அதே விகிதத்தில் சுற்றிக் காட்டுவது. ஒரு மணி நேரத்தில் நான்கு அட்டை தயார். நான்கையும் மேசையில் வைத்து எது முதலில் கண்ணை இழுக்கிறது, எதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று கேட்டால், தொஹிதி சொன்னது அப்படியே நடக்கும். தயக்கம் விலகிப் பேச்சு வரும். செட்டிநாட்டுக் கண்டாங்கி போல இரு பக்கமும் கட்டம் விழும் துணிக்கு இந்த அட்டைப் படியைத் தவறவிட்டால் பாதித் துணியைத் தவறவிட்டதாகும். பவானி ஜமுக்காளம் போல ஊடையே முகமாக நிற்கும் துணியில் கதை வேறு. வண்ணப் பட்டைகள் ஊடையில் வருவதால், தறியில் இருக்கும்போதே தோழர்களைக் கூப்பிட்டுக் காட்டி அடுத்த பட்டையை மாற்றலாம். எல்லாத் துணிக்கும் ஒரே கருத்துக் கால அட்டவணை போடும் ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

சேலை என்றால் இன்னொன்று சேரும். மேசைமேல் விரித்த சேலையைத்தான் ஜூரி பார்க்கிறது, ஆனால் அப்படி யாரும் கட்டுவதில்லை. உடம்புப் புட்டாவில் பெரும்பகுதி கொசுவத்தில் மடிந்து மறையும், முந்தி மட்டும் முழுதாகத் தெரியும், பார்டர் கணுக்காலில் மடங்கி மடங்கி வரும். மல் துணியில் காகித மோட்டிஃபைக் குத்தி, வகுப்புத் தோழி ஒருத்தி கட்டி நடந்து காட்டினால், பத்துப் பேர் சொல்லும் கருத்தை அவளே ஒரு நடையில் சொல்லிவிடுவாள். பார்டர் விறைப்பாக நின்று காலைத் தட்டுகிறது என்பதைப் பார்ப்பவர் சொல்ல முடியாது, கட்டியவர்தான் சொல்ல முடியும்.

தோழர்களால் சொல்ல முடியாதவையும் உண்டு. அவற்றை அவர்களிடம் கேட்பது நேர விரயம். சாயம் போகுமா என்பதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை. ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் துவைத்தால் விடை தெரியும். ஆனி ஆல்பர்ஸ் 1930இல் தன் பட்டயத்துக்காகச் செய்த துணி பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கச் சுவருக்கானது. ஒளியைத் திருப்பித் தர வேண்டும் என்பதற்காக முகப்பில் செல்லோஃபேன் இழை, ஒலியை உள்வாங்க வேண்டும் என்பதற்காகப் பின்னால் வேறு நூல். அந்தத் துணி வேலை செய்கிறதா என்பதை ஒரு நிறுவனம் அளந்து சொன்னது. அழகாக இருக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

இன்னும் சிலவற்றைத் தறிக்காரர்தான் சொல்ல வேண்டும். வரைபடத்தில் மாணவர் சாதாரணமாகப் போட்ட ஒரு மாறுநிறக் கரை, காஞ்சிபுரம் கொர்வை முறையில் நெய்ய வேண்டுமானால் மூன்று நாடாவும், கூட உட்கார்ந்து உதவ இன்னொரு ஆளும் கேட்கும். “வரைய நல்லாத்தான் இருக்கு கண்ணு, ஆனா இந்த வேகத்துல போனா எனக்குக் கூலி கட்டுபடி ஆகாது” என்று ஒரு நெசவாளர் சொல்வது வடிவமைப்பு விமர்சனம்தான். நம் திட்டங்களில் அவரை நெய்து கொடுப்பவர் என்ற இடத்தில் வைத்துவிட்டு, கருத்துச் சொல்லும் வட்டத்தில் மாணவர்களை மட்டும் உட்கார வைக்கிறோம். களப்பணிக்குப் போகும்போது ரிப்பீட் பிரின்டையும் நூல் சுற்றிய அட்டையையும் கொண்டுபோனால், அவரும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுவார். முடிந்த கிராஃப் தாளைக் கொண்டுபோனால் அவரால் சரி என்று மட்டுமே சொல்ல முடியும்.

நம் வகுப்பறையின் குணத்தையும் பேசாமல் விட முடியாது. இங்கே பிரச்சினை கடுமையான விமர்சனம் அல்ல, விமர்சனமே இல்லாததுதான். எப்படி இருக்கு என்று கேட்டால் நல்லா இருக்கு என்ற பதில் தயாராக இருக்கிறது. இன்றைக்கு நான் அவளைச் சொன்னால் நாளைக்கு அவள் என்னைச் சொல்வாள் என்ற கணக்கு, ஹாஸ்டல் அறையைப் பகிரும் சங்கடம், சீனியர் இருந்தால் பேச வாய் வராத பழக்கம் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கின்றன. பல கல்லூரிகளில் ஜூரி ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ்வழியில் படித்துவந்த பையன், அப்பா தறி நெய்பவராகவே இருக்கலாம், நூலைத் தொட்டதுமே கவுண்ட் சொல்லிவிடக்கூடியவன், வாயைத் திறக்காமல் நிற்பான். நன்றாக ஆங்கிலம் பேசும் மாணவி, துணியைத் தொடாமலேயே ஐந்து நிமிடம் பேசுவாள். இதில் யாருக்கு நட்டம் என்பதை ஆசிரியர் யோசிக்க வேண்டும். கருத்து எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் வரட்டும் என்று ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டால் வகுப்பின் பாதி அறிவு வெளியே வரும்.

வாட்ஸப் குழுவில் படம் போட்டுக் கருத்துக் கேட்பது இப்போது பரவலாகிவிட்டது. வசதிதான், ஆனால் துணிக்கு அது அரைகுறை. போன் கேமரா நீலத்தை ஒரு மாதிரியும் மெரூனை ஒரு மாதிரியும் மாற்றும். பார்க்கும் பத்துப் போனிலும் பத்து நிறம். கைக்கு மொரமொரப்பா வழவழப்பா என்பது தெரியாது. கட்டைவிரல் படம் மட்டும் எண்ணிக்கையாக ஏறும். அளவு, அமைப்பு பற்றிய கேள்விக்குப் படம் போதும். நிறத்துக்கும் தொடுஉணர்வுக்கும் துண்டைக் கையில் கொடுத்தாக வேண்டும்.

அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990களின் தொடக்கத்தில் வகுத்த ஒரு முறை பல கலைப்பள்ளிகளில் புழங்குகிறது. பார்த்தவர்கள் முதலில் தங்களுக்கு எது பட்டது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அதன்பின் பார்த்தவர்கள் சாய்வில்லாத கேள்வி கேட்பார்கள். கடைசியாக, படைத்தவர் அனுமதித்தால் மட்டும், அபிப்பிராயம். முழுதாகச் செய்தால் நேரம் தின்னும். ஒரு வகுப்பில் முப்பது பேருக்கும் செய்ய முடியாது. ஆனால் அதன் இரண்டாம் படி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே நம் சூழலுக்குப் பாதி மருந்து. கேள்வியைத் துணிக்காரரே கேட்க வேண்டும், அதுவும் பொதுவாகக் கேட்கக் கூடாது. ‘எப்படி இருக்கு’ என்பதற்குப் பதிலாக ‘பத்தடி தள்ளி நின்னு பாருங்க, கண்ணு முதல்ல எங்க போகுது’, ‘இந்த மூணுல எதை உங்க வீட்டு சோபாவுல போடுவீங்க, எதைக் கண்டிப்பா போடமாட்டீங்க’ என்று கேட்டால், நட்புக்குக் குந்தகம் இல்லாமல் உண்மை வரும். பேசுமுன் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத்தாளில் எழுதிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தால், முதலில் பேசும் தைரியசாலியின் பின்னால் மற்றவர்கள் போவது குறையும்.

மார்க் விஷயத்தில் என் நிலைப்பாடு கொஞ்சம் பிடிவாதமானது. ஃபால்சிகோவும் கோல்ட்ஃபிஞ்சும் 2000ஆம் ஆண்டில் 48 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சகமாணவர் போடும் மதிப்பெண் ஆசிரியர் மதிப்பெண்ணோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போகிறது என்றார்கள். அளவுகோலைத் தெளிவாகச் சொல்லி, மொத்தமாக மதிப்பிடச் சொன்னால் ஒற்றுமை கூடும். இதைச் சான்றாகக் காட்டி, சகமாணவர் மதிப்பீட்டுக்கு இத்தனை சதவீதம் என்று பாடத்திட்டத்தில் எழுதுகிறார்கள். அவர்கள் போடும் மார்க் துல்லியமாகவே இருக்கலாம். ஆனால் மார்க் போடும் கை என்று தெரிந்ததும், அரைகுறையாக இருக்கும் ஸ்வாட்சை யாரும் காட்ட மாட்டார்கள். முடித்துப் பளபளப்பாக்கித்தான் காட்டுவார்கள். முடித்தபின் கருத்து எதற்கு? மார்க் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கருத்துக் கொடுத்தவருக்குக் கொடுக்கலாம்: எவ்வளவு கூர்ந்து பார்த்தார் என்பதற்கு.

காப்பி அடித்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. நியாயமான பயம்தான், டிசைன் திருட்டு சந்தையில் தினசரி நடப்பது. வகுப்பில் தேதியிட்டு ஒட்டிவைத்த ஸ்கெட்ச் நோட்டு ஓரளவு காக்கும். அதற்குமேல் இதில் சொல்ல அதிகமில்லை.

கடைசியாக, வந்த கருத்துகளை என்ன செய்வது? பார்டரைக் குறை என்று ஒருவர், பார்டரைக் கூட்டு என்று இன்னொருவர் சொல்லும்போது மாணவர்கள் திணறுகிறார்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு அளவைப் பிடித்து இருவரையும் திருப்திப்படுத்தப் பார்க்கிறார்கள். அது எவருக்குமே பிடிக்காத துணியில் கொண்டுபோய் விடும். இருவரும் ஒத்துப்போவது ஒன்றில்தான்: கண் பார்டரில் இடறுகிறது. இடறலுக்குக் காரணம் அகலமாக இல்லாமல், உடம்புக்கும் பார்டருக்கும் நடுவிலுள்ள ஒரு மெல்லிய கோடாகவும் இருக்கலாம், நிற ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க அட்டையில் இன்னும் இரண்டு மாதிரி சுற்றிப் பார்க்க வேண்டும். சில கருத்துகளை மறுக்கவும் வேண்டும். மறுத்ததற்குக் காரணம் எழுதிவைக்க நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால், என்ன கேட்டேன், என்ன சொன்னார்கள், எதை மாற்றினேன், எதை ஏன் மாற்றவில்லை என்று அதில் வளரும். ஜூரிக்கு வெளியிலிருந்து வருபவர் மேசையிலிருக்கும் சேலையைப் புரட்டுவதற்குமுன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்தால், பார்டர் ஏன் கனமாக இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. அடுத்த கேள்விக்குப் போகலாம்.